உறையும் இரத்தமும் கருவுற்ற தாயும்

மணமாகி வந்த மருமகளுக்கு முதற் கரு கலைந்தால் வீட்டார் ஆறுதல் கூறுவர். இரண்டாவதும் கலைந்தால் அவ்வாறுதல் குறையும். மூன்றாவதும் கலைந்துவிட்டாலோ, ஆறுதல் கூறிய அதே வாய்கள் குறை கூறத் தொடங்கிவிடும். “ராசியில்லாதவள்” என்பர் சிலர். “சாதகத்தில் தோஷம்” என்பர் வேறு சிலர். அவளோ தன் உடலே தனக்குப் பகையாயிற்றோ என்று இரவெல்லாம் தலையணையை நனைப்பாள். இத்தகைய பெண்டிருள் ஒரு சாராருக்கு உற்ற குறை ராசியிலும் இல்லை, சாதகத்திலும் இல்லை. அவர்தம் இரத்தம் உறையும் தன்மையிலேயே உள்ளது. அதனைக் கண்டறியவும் வழியுண்டு, காக்கவும் வழியுண்டு. இவ்வாரம் நம் சகோதரிகளுக்கு அதனையே எடுத்துரைக்க விழைகின்றோம்.

காய்கறி நறுக்கும்போது கத்தி விரலிற் பட்டால் இரத்தம் கசிகின்றது. சில நிமிடங்களில் அது கட்டியாகி வாயை அடைத்துக்கொள்ளுகின்றது. இவ்வாறு உறையாவிடின் சிறு காயமும் உயிருக்கு உலையாகும். குழந்தை பிறந்ததும் சூல்வித்தகம், அஃதாவது ஊர்வழக்கில் இளங்கொடி எனப்படுவது, கருப்பையினின்றும் பிரியும். அவ்வேளை தாய் மிகுந்த இரத்தத்தை இழந்துவிடாதிருக்கும் பொருட்டு, கருவுற்ற நாள் தொடங்கியே இயற்கை அவளது இரத்தத்தை எளிதில் உறையும்படி மாற்றி வைக்கின்றது. உறைதலுக்கு உதவும் பைபிரினோசன் முதலிய பொருள்கள் பெருகுகின்றன; உறைதலைத் தடுக்கும் பொருள்களுள் ஒன்றாகிய புரதம் எஸ் குறைகின்றது. இது தாயைக் காக்க எழுந்த ஏற்பாடேயாம். ஆயினும், வேலி சிலவேளை பயிரையே நெருக்குவதுபோல, இவ்வேற்பாடு சிலருக்கு அளவு கடந்து தீங்காய் முடிகின்றது.

அத்தீங்கு இருவகையில் வரும். முதலாவது, காலின் ஆழ்ந்த நாளங்களில் இரத்தம் கட்டுதல். ஆயிரம் கர்ப்பங்களுள் ஒன்று அல்லது இரண்டில் இவ்வாறு நேர்கின்றது. கருவுறாத பெண்ணைவிடக் கருவுற்றவளுக்கு இவ்வாபத்து நான்கைந்து மடங்கு மிகுதி. பெரும்பாலும் இடக்காலிலேயே இது தோன்றும். இடக்காலினின்று இரத்தத்தை மேலே கொண்டுசெல்லும் நாளத்தை வலப்பக்கத்து நாடி குறுக்காகக் கடந்து அழுத்துவதே அதற்குக் காரணம். அக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைந்து அடைத்துவிடுமாயின் உயிருக்கே மோசம் நேரலாம்.

இரண்டாவது வகை கருவையே தாக்குவது. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பொருள்கள் சிலருக்குத் தம் உடலின் மீதே திரும்பி, இரத்தத்தை உறையச் செய்வதோடு சூல்வித்தகம் வேர்கொண்டு வளர்வதையும் கெடுக்கின்றன. இலண்டன் வைத்தியர் கிரஹம் ஹியூஸ் என்பார் 1983ஆம் ஆண்டில் இந்நோயை விரித்துரைத்தார். அண்டிபொஸ்போலிப்பிட் நோய் என்பது அதன் பெயர். மீண்டும் மீண்டும் கருக்கலைதல் இதன் முக்கிய அடையாளங்களுள் ஒன்று. ஒருமுறை இரத்தத்தைச் சோதித்துப் பிழை கண்டால் மாத்திரம் முடிவு கூறுதல் ஆகாது. காய்ச்சல் முதலியவற்றின் பின்னரும் இவ்வெதிர்ப்பொருள்கள் சிலகாலம் தோன்றி மறைவதுண்டு. ஆதலின் குறைந்தது 12 வாரங்கள் கழித்து மீண்டும் சோதித்தே வைத்தியர்கள் உறுதி கூறுவர்.

இனி, இதற்குரிய மருந்தின் கதையைக் கூறுவோம். 1916ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரில் ஜே மக்லீன் என்னும் மருத்துவ மாணவர், இரத்தத்தை உறையச் செய்யும் பொருளொன்றைத் தேடிக்கொண்டிருந்தார். அதற்கு நேர்மாறாக, உறையவிடாது தடுக்கும் பொருளொன்று ஈரலிலிருந்து அவருக்குக் கிடைத்தது. ஈரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்றே அதற்குப் பின்னர் ஹெப்பாரின் என்னும் பெயர் சூட்டப்பட்டது. தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று. கிடைத்ததைப் புறக்கணியாத அம்மாணவரின் கூர்மையை நம் மாணவர்களும் கருத்திற் கொள்வார்களாக.

ஹெப்பாரினின் பெருஞ் சிறப்பு யாதெனில், அது சூல்வித்தகத்தைக் கடந்து சிசுவை அடைவதில்லை என்பதே. வார்பரின் என்னும் குளிகையோ கடந்துவிடும். ஆறாம் வாரத்துக்கும் பன்னிரண்டாம் வாரத்துக்கும் இடையில் அது சிசுவின் மூக்கெலும்பு முதலியவற்றின் வளர்ச்சியைக் குலைக்கவல்லது. ஆதலின் வார்பரின் உட்கொண்டுவரும் பெண் கருத்தரிக்க எண்ணும்போதே வைத்தியரிடம் கூறுதல் வேண்டும். தானாகவே மருந்தை நிறுத்திவிடுவதும் ஆபத்தே; மாற்று மருந்தை அவரே வகுத்துக் கொடுப்பார்.

அண்டிபொஸ்போலிப்பிட் நோயுள்ள தாய்மாருக்குச் சிறு அளவில் அஸ்பிரினும் நாள்தோறும் ஹெப்பாரின் ஊசியும் கொடுக்கப்படுகின்றன. இதன் பயனை 1997ஆம் ஆண்டில் வெளியான ஓர் இங்கிலாந்து ஆய்வு நன்கு காட்டிற்று. மீண்டும் மீண்டும் கருக்கலைந்த இந்நோயுடைய பெண்களுள், அஸ்பிரின் மாத்திரம் பெற்ற 45 பேருள் 19 பேர் உயிருள்ள குழந்தையைப் பெற்றனர். இரண்டும் பெற்ற 45 பேருள் 32 பேர் பெற்றனர். எனினும் கருக்கலைந்த எல்லார்க்கும் இவ்வூசி மருந்தாகாது. பரம்பரையாக வரும் உறைதற் குறைபாடுகளை உடையோர்க்குக் கருவைக் காப்பதில் ஹெப்பாரின் உதவவில்லை என 2023ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. ஆதலாற் சோதனையின்றி “எனக்கும் அந்த ஊசி வேண்டும்” என்று கேட்பது அறிவுடைமையன்று.

எமக்கு நன்கு அறிமுகமான குடும்பம் ஒன்றில் மருமகளுக்கு மூன்று கருக்கள் அடுத்தடுத்துக் கலைந்தன. மாமியார் சோதிடரை நாடினார். கணவரோ மனைவியை அழைத்துக்கொண்டு விசேட வைத்தியரை நாடினார். இருமுறை சோதனையின் பின் நோய் இன்னதெனத் தெளிந்தது. நான்காம் முறை கருவுற்றதும் ஊசி தொடங்கிற்று. வயிற்றுத் தோலை இரு விரல்களாற் பிடித்து ஊசியேற்றும் முறையைத் தாதி ஒருவர் கற்பித்தார். முதல் நாள் அப்பெண்ணின் கை நடுங்கிற்று. பத்தாம் நாள் நடுக்கம் நின்றது. ஆனால் வயிறெங்கும் நீலக் கன்றல்கள் படிந்தன. ஒருநாள் அவற்றைத் தற்செயலாகக் கண்ட மாமியார் ஒன்றும் பேசாது உள்ளே சென்றுவிட்டார். மறுநாள் மாலை தொடக்கம், “பிள்ளை, எட்டு மணியாச்சு, ஊசி போட்டாச்சோ?” என்று நினைவூட்டும் பணியை அவரே ஏற்றுக்கொண்டார். பிரசவத்துக்கு முன்னும் பின்னுமாக அப்பெண் ஏற்றிக்கொண்ட ஊசிகள் இருநூறுக்கு மேல். இன்று அவ்வீட்டு முற்றத்தில் ஒரு பெண்குழந்தை தத்தித் தத்தி நடக்கின்றது. சோதிடரைப் பற்றி அவ்வீட்டார் இப்போது பேசுவதில்லை.

பிரசவ நாளை முன்கூட்டியே திட்டமிடுதல் இன்றியமையாதது. வலி கண்டதும் அடுத்த ஊசியைப் போடாது வைத்தியசாலைக்குச் செல்லுமாறு வைத்தியர்கள் கூறுவர். முதுகில் ஊசியேற்றி நோவை மரக்கச் செய்வதாயின், தற்காப்பு அளவான ஹெப்பாரினின் பின் 12 மணித்தியாலமும், சிகிச்சை அளவாயின் 24 மணித்தியாலமும் கழிந்திருத்தல் வேண்டும். ஆகவே கடைசி ஊசியை எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்பதை எழுதி வைத்திருங்கள்.

குழந்தை பிறந்ததும் ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணுவது பெருந் தவறு. இரத்தம் கட்டும் ஆபத்து நாளுக்கு நாள் கணக்கிட்டால் மிகுந்திருப்பது பிரசவத்துக்குப் பின்வரும் ஆறு வாரங்களிலேயாம். நமது பக்கத்தில் பிள்ளை பெற்றவளை 31 நாள் அறையோடு அடைத்து, படுக்கையை விட்டு எழவிடாமலும், தண்ணீரைக் குறைத்தும் வைக்கும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் உண்டு. பத்தியக்கறியை நாம் குறை கூறவில்லை. பாட்டிமாரின் அன்பையும் குறை கூறவில்லை. ஆனால் அசையாது கிடத்தலும் நீர் குறைதலும் இரத்தம் கட்டுவதற்குத் துணைபோகும். வைத்தியர் அனுமதித்ததும் எழுந்து மெல்ல நடக்கட்டும். தாகத்துக்கு வேண்டிய நீர் குடிக்கட்டும். ஹெப்பாரினோ வார்பரினோ பெறும் தாய் அஞ்சாது பாலூட்டலாம். பின்னர் குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிகை கேட்கும்போது, ஈஸ்திரசன் கலந்த குளிகை தமக்கு ஆகாது என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

ஒரு கால் மாத்திரம் வீங்கி நோகுமாயின், எண்ணெய் பூசி உருவாதீர்கள். உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுநோ, இருமும்போது இரத்தம், பிரசவத்தின் பின் தணியாத கடுந் தலையிடி ஆகியனவும் காலம் தாழ்த்தத் தகாதவை. காலிற் செய்யும் ஸ்கான் சோதனை ஒலியலைகளாற் செய்யப்படுவது. அதனாற் சிசுவுக்குத் தீங்கில்லை.

இன்னொன்று. கிளினிக்கில் முதன்முறை பெயர் பதியும்போது, “உங்களுக்கோ தாய், சகோதரிகளுக்கோ இரத்தம் கட்டியதுண்டா? கருக்கலைந்ததுண்டா?” என வினவுவர். வெட்கத்தினால் “இல்லை” என்று கூறிவிடாதீர்கள். மறைத்த ஒரு சொல்லுக்கு ஓர் உயிர் விலையாகலாம். அன்று உடன் செல்லும் மாமிமாரும் தாய்மாரும் தமக்குத் தெரிந்ததை எடுத்துச் சொல்வார்களாயின், மருமகளுக்குச் செய்யும் உதவிகளுள் அதுவே தலையாயதாம்.