நாமே பார்க்கலாமே: பேர் தெரிகிறது, சேர முடியவில்லை!

குக்கர், மிக்ஸி என்று எழுதிக்கொண்டிருந்தவள் லேப்டாப்புக்கு வந்துவிட்டாளே என்று பார்க்கிறீர்களா? காரணம் இருக்கிறது, சகோதரிகளே.

என் மாமியாருக்கு 78 வயது. வெகுநாளாகச் சர்க்கரை. செருப்பு கடித்துக் காலில் ஒரு புண். அவர் படுத்திருக்கும் பின்கட்டு அறையில் செல்போன் சிக்னல் எட்டிக்கூடப் பார்க்காது. வீட்டு இன்டர்நெட்டோ, கேபிள் வழியாகக் கூடத்து லேப்டாப்புக்கு மட்டும்தான் வருகிறது. அதில் ஹாட்ஸ்பாட் போட்டுத்தான் மற்ற அறைகளுக்குக் கொடுப்போம். அதில் இருப்பது பிள்ளை போட்டுக் கொடுத்த லினக்ஸ்.

அன்று 4 மணிக்கு டாக்டர் வீடியோவில் பார்ப்பதாக ஏற்பாடு. "போட்டோ போதாது, சுற்றிலும் அமுக்கிக் காட்டணும்" என்றிருந்தார். மணி 3.20. போனில் ஹாட்ஸ்பாட்டின் பெயர் தெரிகிறது, தொட்டால் 'ஐ.பி. முகவரி பெறப்படுகிறது' என்று சுற்றிச் சுற்றிக் கடைசியில் அறுந்துபோகிறது!

"விடும்மா, நாளைக்குப் பார்த்துக்கலாம். வலியே இல்லையே!" என்றார் மாமியார்.

வலி இல்லாததுதானே பயம்! சர்க்கரையால் நரம்பு மரத்துப்போனால், புண் முற்றினாலும் தெரியாதே!

வாசலுக்கு ஓடிப் பிள்ளையைக் கூப்பிட்டேன். "அம்மா, பதறாதே. வரிசையா பாரு" என்றான். அந்த வரிசையை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில், லேப்டாப்புக்கே இன்டர்நெட் வருகிறதா? ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். குழாயிலேயே தண்ணீர் இல்லையென்றால் குடத்தைக் குறை சொல்லி என்ன பயன்? இன்னொன்று: பல லேப்டாப்புகளில் வைஃபையால் ஒரே நேரத்தில் வாங்கவும் கொடுக்கவும் முடியாது. இன்டர்நெட் கேபிளில் வரட்டும், வைஃபை கொடுக்கட்டும்.

இரண்டாவது, போனில் பெயர் தெரிகிறதா? தெரியாவிட்டால் ஏரோபிளேன் மோட் போட்டிருக்கிறதா, வைஃபை அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய போன்களுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது, 2.4-க்கு மாற்றுங்கள்.

மூன்றாவது, பாஸ்வேர்டு. 8 எழுத்தாவது வேண்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசமும் உண்டு.

இவ்வளவும் சரி, ஆனாலும் முகவரி கிடைக்கவில்லையா? எங்கள் கதை அதுதான். சேர வரும் ஒவ்வொரு போனுக்கும் லேப்டாப்தான் ஓர் எண் கொடுக்கவேண்டும். அநேகமாக 10.42.0 என்று தொடங்கும். கல்யாண வீட்டில் பந்திக்கு டோக்கன் கொடுக்கிற மாதிரி! டோக்கன் கேட்க வருகிறவரையே வாசலில் தடுத்தால்?

"ஃபயர்வாலை ஏதாவது தொட்டியாம்மா?" என்றான் பிள்ளை.

எனக்குச் சுருக்கென்றது. போன வாரம்தான், 'பாதுகாப்புக்கு நல்லது' என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதை ஆன் செய்திருந்தேன். கேபிள் வேலை செய்ததால் சந்தேகமே வரவில்லை. அணைத்தேன், ஹாட்ஸ்பாட்டையும் ஒருமுறை நிறுத்திப் போட்டேன். போன் உடனே ஒட்டிக்கொண்டது! மணி 3.50.

டாக்டர் பார்த்தார். விரலிடுக்கில் கறுப்பைக் கண்டதும், "நாளை வரை வேண்டாம், இப்பவே கூட்டி வாங்க" என்றார். சீழை எடுத்து, மருந்து கொடுத்தார்கள். விரல் தப்பியது.

ஃபயர்வாலை அப்படியே விட்டுவிடாதீர்கள். மறுநாள் பிள்ளை சொல்லச் சொல்ல, ஹாட்ஸ்பாட் பக்கம் மட்டும் 67, 53 என்ற இரண்டு வாசல்களைத் திறந்தேன். முதலாவது முகவரி கொடுக்க, இரண்டாவது வலைத்தளப் பெயர்களைத் தேட. வைஃபையிலிருந்து கேபிளுக்குப் போகவும் வழி விட்டேன். இந்த வழி விடாவிட்டால் போன் சேர்ந்துகொள்ளும், ஆனால் 'இன்டர்நெட் இல்லை' என்று காட்டும். பிறகு ஃபயர்வாலை மறுபடி ஆன் செய்தாயிற்று.

கடைசியாக இரண்டு வார்த்தை. லேப்டாப்பை மூடினால் அது தூங்கிவிடும், ஹாட்ஸ்பாட்டும் கூடவே தூங்கிவிடும், திறந்தே வையுங்கள். டாக்டர் பார்க்கும் நாளில், ஒரு மணி முன்னதாகவே போனைச் சேர்த்துப் பாருங்கள். அப்புறம், வீட்டில் சர்க்கரைக்காரர் இருந்தால் தினமும் ராத்திரி அவர் பாதத்தையும் ஒருமுறை பாருங்கள். அதற்கு இன்டர்நெட் வேண்டாம்!