எல்லை அழிகிறதாம்! யாருக்காக?

ஐரோப்பாவில் ஒரு புது மாதிரி "சர்வதேசியம்" கிளம்பியிருக்கிறது. பெல்ஜியமும் ஹாலந்தும் சின்ன தேசங்கள். தனித்தனியாகக் கால்பந்து லீக் நடத்தினால் டெலிவிஷன் கம்பெனிக்காரன் கொடுக்கும் பணம் கொஞ்சம். ஆகவே இரண்டு லீக்குகளையும் ஒன்றாகக் கட்டு, எல்லையை அழி என்கிறது அது. 2021 இல் பெல்ஜியத்தின் பெரிய கோஷ்டிகள் இந்த யோசனைக்குக் கை தூக்கின. ஆண்கள் லீக் இன்னும் பிறக்கவில்லை. பெண்களுக்கான கூட்டு லீக் 2012 இல் தொடங்கி, மூன்றே பருவம் ஓடி, 2015 இல் நின்றது. யோசனை மட்டும் சாகவில்லை.

இதைக் காட்டி நம்மிடம் வாதாடும் படித்த நண்பர்கள் தென்காசியிலும் உண்டு. "சர்வதேசியம் பேசுகிறவர்கள் நீங்கள்தானே, எல்லை அழிந்தால் உங்களுக்கு ஏன் கசக்கிறது?" என்கிறார்கள்.

பேஷ்! நமக்குக் கசக்கவில்லை. மலையடிவாரத்து ஜனங்களுக்கு எல்லை என்றால் என்னவென்று யாரும் பாடம் நடத்த வேண்டாம். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தது; அன்று முதல் சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. கோடு நகர்ந்தது. நாற்று நட்ட பெண்ணின் கூலி அந்தக் கோட்டைப் பார்த்து உயர்ந்ததா? சாரல் காலத்தில் குற்றாலத்து அருவியில் தமிழனும் மலையாளியும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஒரே தண்ணீரில்தான் நனைகிறார்கள். புளியரை வழியாக ஆரியங்காவு தாண்டி அன்றாடக் கூலிக்குப் போகிறவனுக்கு எந்தக் கம்பெனியும் எல்லையை அழித்துக் கொடுக்கவில்லை. எல்லையை அழிப்பவன் யார், அழித்துவிட்டு அடுத்த வேலியை எங்கே போடுகிறான் என்றுதான் நாம் கேட்கிறோம்.

முதலில் இந்த ஆட்டம் யாருடையது? ஆலைத் தொழிலாளிகளே, இந்தச் சரித்திரம் உங்களுடையது. இங்கிலாந்தில் பத்து மணி நேர வேலைக்காகத் தொழிலாளர்கள் நெடுங்காலம் போராடினார்கள். அதன் தொடர்ச்சியாக வந்த 1850 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், பஞ்சாலைகளில் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணியோடு வேலை முடிய வேண்டும் என்றது. அவர்கள் வெளியேறினால் ஆலை எப்படி ஓடும்? ஆண்களுக்கும் அந்த அரை நாள் மெள்ள மெள்ளக் கிடைத்தது. சனிக்கிழமைக் கால்பந்து அந்த அரை நாளில் வளர்ந்த பிள்ளை. 1888 இல் முதல் லீக் தொடங்கியபோது அதிலிருந்த 12 கோஷ்டிகளில் 5, லங்காஷயரின் பஞ்சாலை ஊர்களைச் சேர்ந்தவை: பிளாக்பர்ன், பர்ன்லி, போல்டன், பிரெஸ்டன், அக்ரிங்டன். இன்று கோடீசுவரக் கோஷ்டியாக விளங்கும் மான்செஸ்டர் யுனைடெட், 1878 இல் ரயில்வே வண்டிப் பட்டறைத் தொழிலாளர்கள் தொடங்கியது. ஆர்சனல், 1886 இல் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் கட்டியது. விக்கிரமசிங்கபுரத்திலும் ராஜபாளையத்திலும் ஷிப்ட் பார்த்தவர்களுக்கு அந்த அரை நாளின் விலை தெரியும்.

தொழிலாளி கட்டிய வீட்டில் இப்போது குடியிருப்பவன் யார் என்பது 2021 ஏப்ரல் 18 அன்று வெளிச்சமாயிற்று. இங்கிலாந்து, ஸ்பெயின், இத்தாலி ஆகிய மூன்று தேசங்களின் 12 பணக்காரக் கோஷ்டிகள் சேர்ந்து "சூப்பர் லீக்" என்று அறிவித்தன. மொத்தம் 20 இடம். அதில் 15 இடம் நிரந்தரம். எத்தனை முறை தோற்றாலும் இறங்க வேண்டாம்! பணம் போட முன்வந்தது அமெரிக்காவின் ஜே.பி. மார்கன் பாங்கி. தேசத்துக்குத் தேசம் இருந்த கோட்டை அழித்துப் பணக்காரனுக்கும் ஏழைக்கும் நடுவில் மதிலே எழுப்பிவிட்டார்கள். ஆனால் மதில் நிற்கவில்லை. செல்சி மைதானத்து வாசலில் ரசிகர்கள் தெருவை மறித்தார்கள். மூன்றாம் நாளே இங்கிலாந்தின் ஆறு கோஷ்டிகளும் வாலைச் சுருட்டிக்கொண்டன.

நம் தேசத்தில் இதே நாடகம் வேறு வேஷத்தில் நடந்தது. 1996 இல் தேசிய லீக் தொடங்கியபோது முதல் பட்டம் வென்றது பஞ்சாபின் பக்வாரா ஊரைச் சேர்ந்த ஜே.சி.டி. துணி ஆலையின் கோஷ்டி. 2010 இல் கால்பந்து சம்மேளனம், ஆட்டத்தின் வியாபார உரிமைகளை 15 வருஷத்துக்கு, 700 கோடி ரூபாய்க்கு, ரிலையன்ஸ் கூட்டுக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தது. 2011 இல் ஜே.சி.டி. தன் கோஷ்டியைக் கலைத்தது. டெலிவிஷனில் போதிய விளம்பரமில்லையாம்! 2014 இல் வந்தது ஐ.எஸ்.எல். பணம் கட்டினால் இடம், தோற்றால் இறக்கமில்லை.

2019 மார்ச்சில் கோயம்புத்தூர் நேரு மைதானத்தில் சென்னை சிட்டி கோஷ்டி மினர்வா பஞ்சாபை 3-1 என வென்று ஐ-லீக் பட்டத்தைத் தூக்கியது. தமிழ்நாடே கொண்டாட வேண்டிய வெற்றி. பலன்? அதே ஆண்டில் ஐ.எஸ்.எல்.லே முதல் லீக் என்றும், ஐ-லீக் அதற்கு அடுத்த படி என்றும் முடிவு செய்தார்கள். ஜெயித்தவன் கீழே, பணம் கட்டியவன் மேலே. இன்று தேசிய லீக்கில் அந்தக் கோஷ்டியே இல்லை. 2023 இல் பஞ்சாப் கோஷ்டியும் 2024 இல் முகமதன் ஸ்போர்ட்டிங்கும் வென்று ஏறின, உண்மை. ஆனால் மேலே இருந்து தோற்றவன் இறங்கும் ஏணியை 2024-25 பருவம் முடிந்த பிறகும் அவர்கள் வைக்கவில்லை.

மோகன் பகான் கதையைக் கேளுங்கள். 1911 இல் வெள்ளைக்காரப் பட்டாளத்தை வென்ற கோஷ்டி அது. அன்று ஆடிய பதினோரு பேரில் ஒருவர் தவிர அனைவரும் வெறுங்கால். 2020 இல் அதை ஏ.டி.கே. என்ற கம்பெனிக் கோஷ்டியோடு இணைத்து, 80 சதவீதப் பங்கைக் கோயங்கா குழுமம் எடுத்துக்கொண்டது. அந்த மூன்றெழுத்தை நீக்கு என்று கல்கத்தா ரசிகர்கள் சளைக்காமல் கிளர்ச்சி செய்தார்கள். 2023 இல் எழுத்து உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில் அதே முதலாளியின் இன்னொரு பட்டம் ஏறி உட்கார்ந்தது!

15 வருஷக் குத்தகை 2025 டிசம்பரில் முடிவதாக இருந்தது. மறு ஒப்பந்தம் ஆகவில்லை என்று ஜூலையிலேயே ஐ.எஸ்.எல்.லை நிறுத்தி வைத்தார்கள். அந்த ஆண்டு முழுக்க லீக் தொடங்கவேயில்லை. சில கோஷ்டிகள் ஆட்டக்காரர்களின் சம்பளத்தை நிறுத்தின. லாக்கவுட் என்று ஆலையில் இதற்குப் பெயர்.

"பணமில்லாமல் லீக் நடக்குமா?" என்று நண்பர்கள் கேட்பார்கள். நடக்காதுதான். சின்ன லீக்குகள் தள்ளாடுவதை நாம் மறுக்கவில்லை. இணையட்டும், மலைக்கு இந்தப் பக்கத்துச் செங்கோட்டை, தென்காசிப் பையன்களும் அந்தப் பக்கத்துப் புனலூர்ப் பையன்களும் ஒரே லீக்கில் ஆடினால் முதலில் கைதட்டுபவர்கள் நாமே. ஆடுகிறவனும் டிக்கெட் வாங்குகிறவனும் வோட்டுப் போட்டு இணைக்க வேண்டும். தோற்றவன் இறங்க வேண்டும், ஜெயித்தவன் ஏற வேண்டும். இது நடவாத கனவல்ல. ஜெர்மனியில் 1998 முதலே ஒரு விதி உண்டு: ஒன்றிரண்டு விலக்குகள் தவிர, கோஷ்டியின் வோட்டுகளில் பாதிக்கு மேல் சங்க அங்கத்தினர் கையில் இருக்க வேண்டும். அந்தத் தேசத்தின் பெரிய கோஷ்டிகளான பயர்ன் மூனிக்கும் டார்ட்மண்டும் 2021 இல் அந்தப் பன்னிரண்டு பேரோடு சேர மறுத்துவிட்டன.