வாடல் நோயும் வலிய இரகமும்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம் முன்னோர் மொழி. ஆயின் அமெரிக்க நாட்டின் கலிபோர்னியாக் கடற்கரையிலே ஸ்ட்ராபெரி பயிரிடுவோர்க்கு இம்மொழி பயன்படுவதில்லை. செடி செழித்து வளரும், பூக்கும், காய்க்கும். கனி பறிக்குங் காலம் நெருங்கும்போது வெளிப்புறத்து முதிர்ந்த இலைகள் வாடி உலரும்; நடுவிலுள்ள தளிர்கள் வளர்ச்சி குன்றி நிற்கும்; பின்னர்ச் செடி முழுதும் மடியும். முதலிட்டு உழைத்தவன் பலனைக் காணுமுன்பே அதனை இழக்கின்றான்.

இதற்குக் காரணம் மண்ணில் வாழும் பூசணங்களாம். வெர்ட்டிசிலியம் என்பது ஒன்று. பியூசேரியம் என்பது மற்றொன்று. இவை வேர் வழியே புகுந்து, நீரை மேலேற்றும் நுண்குழாய்களைப் பழுதாக்குகின்றன. ஆதலின் மண்ணில் ஈரமிருந்தும் செடி விடாயால் மடிகின்றது. வெர்ட்டிசிலியத்தின் கருநிற நுண்மணிகளோ பயிரில்லா நிலத்திலும் பல்லாண்டு உயிரோடு கிடக்க வல்லன.

இந்நோயை ஒடுக்க, 1960-ஆம் ஆண்டையொட்டிய காலந்தொட்டு, மீதைல் புரோமைடு, குளோரோபிக்ரின் என்னும் நச்சுவாயுக்களை நடவுக்கு முன் மண்ணில் செலுத்தி வந்தனர். நோய் அடங்கிற்று, விளைவு பெருகிற்று. ஆயின் மீதைல் புரோமைடு ஓசோன் படலத்தை அழிப்பதென்று தெளிந்தமையால், 1987-இல் உண்டான மாண்ட்ரியல் உடன்படிக்கையின் வழியே அது படிப்படியாக விலக்கப்பட்டது. கனி விளைக்கும் வயல்களுக்கு அளித்திருந்த தனிச் சலுகையும் 2016-ஆம் ஆண்டோடு முடிவுற்றது.

இம்மருந்தை இழந்ததே வேளாளர்க்கு வந்த கேடு என்பார் பலர். யான் அங்ஙனம் கருதுகிலேன். அம்மருந்து நோயை அடக்கியதோடு, செடியின் மெலிவையும் மறைத்துவிட்டது. நெடுங்காலம் ஆராய்ச்சியாளர் தூய்மை செய்யப்பட்ட மண்ணிலேயே செடிகளை வளர்த்து, மிகுந்த விளைவும் பெரிய கனியும் தருவனவற்றைத் தெரிந்தெடுத்தனர். நோயே காணாத நிலத்தில் நோய் தாங்கும் செடியைப் பிரித்தறிவது எங்ஙனம்?

இப்போது வழி ஒன்று திறந்துள்ளது. 2018-இல் டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார், பியூசேரியத்தை எதிர்க்கும் ஒற்றை மரபணுவைக் கண்டறிந்து வெளியிட்டனர். சான் ஆண்ட்ரியாஸ், போர்டோலா முதலிய இரகங்களில் அஃது உளது. அதனைக் கலப்பினால் பிற இரகங்கட்கு ஏற்றுதல் எளிது. ஆயினும் இதனையே முழு அரணென நம்புதல் தவறு. அம்மரபணுவை வென்று தாக்கும் பூசண இனமும் உண்டு; அது கலிபோர்னியாவிலும் தோன்றிவிட்டது. வெர்ட்டிசிலியத்திற்கோ ஒற்றைப் பூட்டு இல்லை. பல மரபணுக்கள் கூடிச் சிறிது சிறிதாகவே வலிமை தருகின்றன.

ஆதலின் இரகத்தோடு மண்ணையும் பேணல் வேண்டும். இடையே புரோக்கோலி பயிரிட்டு அதன் எச்சத்தை உழுது மடக்கினால் வெர்ட்டிசிலியம் குறைகின்றது. அரிசித் தவிட்டை மண்ணிற் கலந்து, நீர் பாய்ச்சி, மெழுகுத்தாள் போன்ற விரிப்பால் மூடிக் காற்றை விலக்குவதும் பயன் தருகின்றது. குத்தகைப் பணம் மிகுந்த நிலத்தில் இலாபங் குறைந்த பயிரை வைப்பது எவ்வாறு என வேளாளன் வினவுவான். வினா நியாயமானதே. ஓராண்டுக் குத்தகைக்காரன் பத்தாண்டுக்குப் பின் வரும் நோயைக் குறித்துக் கவலான். எனவே நிலமுடையோர் நெடுங்குத்தகை அளித்து, மண்ணைப் பேணுஞ் செலவில் பங்கேற்றல் முறையாகும். பல்கலைக்கழகங்களும் புதிய இரகங்களைத் தூய மண்ணிலன்றி நோயுற்ற மண்ணிலும் நட்டுச் சோதித்தே வெளியிடல் வேண்டும்.

மாணவ நண்பர்காள்! நிழலில் வைத்தே வளர்த்த செடியை நோக்கி, வெயிலில் வாடினையே என்று பழித்தல் அழகன்று. அதனை வளர்த்த முறையையே நாம் முதலில் ஆராய்தல் தகும்.