சுருதியைத் திரையிடம் கேட்காதீர்கள்



நம் சபையின் மூத்த தாயார் ஒருவர், தோடி இராகத்தில் அமைந்த ஒரு கீர்த்தனையின் பல்லவியைச் சுருதிப்பெட்டியின் துணையோடு மட்டும் பாடிக் கொடுத்தார். நம் வாலிபர்கள் ஒரு வீட்டின் மாடியறையில் கணினியில் அதைப் பதிவு செய்து, பின்னர் கீபோர்டையும் வயலின் லூப் ஒன்றையும் சேர்த்தார்கள். எங்கோ முரண்பட்டது, எல்லாருக்கும் கேட்டது. உடனே ஒரு மென்பொருளைத் திறந்து, அந்தக் கலவையின் ஸ்கேல் எதுவென்று வினவினார்கள். அது ஒரு பெயரைச் சொல்லிற்று. "அம்மாவின் சுருதிதான் விலகியிருக்கிறது, ஐயா" என்றார் ஒரு தம்பி. பொத்தானை அழுத்தினார்கள், வளைந்து வளைந்து சென்ற அவருடைய குரற்கோடு படிக்கட்டாயிற்று. மறுநாள் அதைக் கேட்ட அந்தத் தாயார், "இது யார் பாடினது?" என்றார். அவ்விரவில் நானும் அந்த அறையில் இருந்தேன், வாய் திறக்கவில்லை. அந்த மௌனமே என்னை இதை எழுத வைக்கிறது.

நான் கணினிக்குப் பகைவன் அல்லன். ஆனால் எது சுருதி, எது அபசுவரம் என்று தீர்ப்பளிக்கும் ஆசனத்தில் அதை உட்கார வைப்பதை எதிர்க்கிறேன்.

அந்த மென்பொருள் என்ன செய்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டு சுரங்களில் எது எவ்வளவு ஒலித்தது என்று கணக்கெடுக்கிறது. அந்தக் கணக்கை 12 மேஜர், 12 மைனர் என 24 மாதிரிகளோடு ஒப்பிடுகிறது. மிக நெருங்கியதன் பெயரைச் சொல்கிறது. இத்தகைய மாதிரிகளில் புகழ்பெற்றவற்றை 1982இல் வெளியிட்டவர்கள் கரோல் க்ரம்ஹான்ஸல், எட்வர்ட் கெஸ்லர் என்னும் ஆய்வாளர்கள். அவற்றை எங்கிருந்து பெற்றார்கள்? மேற்கத்திய இசையில் பழகிய மனிதரை உட்கார வைத்து, ஒவ்வொரு சுரமும் எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டுத்தான்! இயந்திரத்தின் ஞானமே செவியிடம் வாங்கிய கடன். கடன் கொடுத்த செவியை நாம் வெளியே நிறுத்திவிட்டோம்.

நம் பிள்ளைகள் கர்நாடக இசையில் முதற்பாடமாகக் கற்கும் மாயாமாளவகௌளைக்கு அந்த 24இல் இடமில்லை. ஆயினும் மென்பொருள் "அறியேன்" என்று சொல்லாது. ஏதோ ஒரு பெயரைச் சொல்லியே தீரும். சி மேஜருக்கும் ஏ மைனருக்கும் ஏழு சுரங்களும் ஒன்றே; பாட்டு எந்தச் சுரத்தில் இளைப்பாறுகிறது என்பதே வேறுபாடு. இளைப்பாறுதலை எண்ணிக் கண்டுபிடிப்பது எளிதன்று.

"ஸ்கேலுக்கு வெளியே இருப்பதைத் திருத்தினால் போதும்" என்பாரும் உளர். சி மேஜரில் ஈ, எஃப் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. அடுத்தடுத்து நெருக்கி ஒன்றாய் ஒலிக்கச் செய்து பாருங்கள், காது கூசும். ஏ மைனரின் இயல்பான ஏழில் ஜி ஷார்ப் கிடையாது. ஆனால் அது இல்லாமல் ஈ மேஜர் கார்டு இல்லை, அந்தக் கார்டு இல்லாமல் பாட்டு வீடு திரும்பும் அந்த வலிய உணர்வும் இல்லை. உள்ளிருப்பதெல்லாம் இசைவும் அல்ல, வெளியிருப்பதெல்லாம் குற்றமும் அல்ல.

குரலைத் திருத்தும் மென்பொருளின் கதையும் இதுவே. ஆட்டோ-டியூன் 1997இல் வந்தது. அதை உருவாக்கிய ஆண்டி ஹில்டபிராண்ட், பூமிக்கடியில் எண்ணெய் தேடும் அலை ஆய்வில் உழைத்தவர். திறமான கருவியைத்தான் தந்தார். ஆனால் அதைக் கண்மூடி ஏவினால் குரலை மிக அருகிலுள்ள கட்டத்துக்கு இழுத்துவிடும். தோடியின் காந்தாரம் கட்டத்தில் நிற்பதில்லை. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே அசைவதே அதன் உயிர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் காலத்திலிருந்து இந்தக் கமகங்களில்தான் நம் முன்னோர் பாடித் தொழுதார்கள். மேற்கத்திய ஞானப்பாட்டுக்கும் இதே கதிதான். வாத்தியமின்றி நான்கு குரல்களில் பாடும் நல்ல குழு, மேஜர் கார்டின் மூன்றாம் சுரத்தைத் தூய இசைவில் நிறுத்த நாடும். அது கீபோர்டின் சுரத்தைவிட ஏறக்குறைய 14 சென்ட் தாழ்ந்தது. அந்தத் தூய்மையைத் திரை "குறைவு" என்று குறிக்கும்!

இனி அந்த இரவின் உண்மைக் குற்றவாளி. ஒரு வாரம் கழித்து, கீபோர்டு வாசிக்கும் நம் சகோதரி எல்லா ட்ராக்குகளையும் மௌனமாக்கினார். சுருதிப்பெட்டியை ஒலிக்கவிட்டு, ஒவ்வொரு ட்ராக்காகத் திறந்து, ஆதார ஷட்ஜத்தை முணுமுணுத்தபடியே கேட்டார். தாயாரின் திருத்தப்படாத குரல் சுருதியோடு சேர்ந்தது. கீபோர்டும் சேர்ந்தது. வயலின் லூப் சேரவில்லை. வினாடிக்கு 48,000 மாதிரிகளாகப் பதிவான கோப்பு, மாற்றப்படாமல் 44,100இல் ஓடிக்கொண்டிருந்தது. அப்படி ஓடினால் ஒலி ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் கீழே இறங்கும்; எந்தக் கட்டையிலும் சேராமல் இடையில் தொங்கும். பத்து நிமிட வேலை. முந்தைய இரவில் எவரும் செய்யவில்லை.

எனக்கு வலிப்பது இதுதான். குற்றம் நாம் கொண்டுவந்த லூப்பில் இருந்தது. சோதிக்கப்பட்டதோ எழுபது வயதைக் கடந்த ஒரு குரல். விலைகொடுத்து வாங்கிய ஒலி தவறாது என்று நம்பினோம். ஐம்பது ஆண்டுகள் ஆலயத்தில் பாடிய தொண்டையை நம்பவில்லை. (கீபோர்டின் டிரான்ஸ்போஸ் பொத்தானை முந்தின ஆராதனையிலிருந்து அப்படியே விட்டுவிட்டு, பாடகர் குழுவைக் கடிந்துகொண்ட ஞாயிறுகளையும் நாம் மறந்துவிடவில்லை அல்லவா?)

தாவீது ஆலய இசைக்கு நியமித்தவர்களில் தேர்ச்சிபெற்றோர் 288 பேர் என்று 1 நாளாகமம் 25ஆம் அதிகாரம் கணக்குக் கொடுக்கிறது. கற்றதனால் வந்த தேர்ச்சி அது. கற்பதற்குப் பதிலாக ஒரு பொத்தானை வைத்துக்கொண்டு, அதற்கு முன்னேற்றம் என்று பெயரிடுவதை நான் ஒப்புக்கொள்ளேன்.

தாயாரின் முதற்பதிவு அழிக்கப்படாமல் இருக்கிறது. பாடல் அந்தக் குரலோடுதான் வெளிவரும். நான் அவர் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டுவந்தேன். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வாலிபர் யாவரும் ஆலயத்துக்கு வாருங்கள். கணினியைக் கொண்டுவாருங்கள், திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்போம். அந்தத் தாயாரும் வருகிறார். முதல் அரைமணி நேரம் அவர் ஷட்ஜம் பிடிப்பார். நாம் சேர்ந்து நிற்போம்.