சொந்தக் கிணற்றுக்கும் விதி வேண்டும்

மலேசியாவின் பினாங்கில் உள்ள ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகள் சிலவற்றில் நடுமுற்றத்திலோ பின்கட்டிலோ இன்னும் கிணறு இருக்கிறது. கருங்கல் விளிம்பு, அதன்மேல் பலகையோ இரும்பு வலையோ கிடக்கும். சில இடங்களில் இரு வீடுகளுக்கும் பொதுவான சுவருக்கு அடியிலேயே கிணற்றை அமைத்திருப்பார்கள். பாதி வாய் இந்த வீட்டில், மீதி அடுத்த வீட்டில். ஒரு வீட்டார் அழுக்கை உள்ளே விட்டால் இரு வீட்டாரும் அதைத்தான் இறைக்க வேண்டும்.

நிலத்தடி நீர் எல்லா இடத்திலும் அப்படித்தான். மேலே வேலி போட்டுப் பிரிக்கலாம். கீழே பிரிக்க முடியாது. ஆகவே தனியார் கிணறு எங்கே, எப்படி அமைய வேண்டும் என்பதை வீட்டுக்காரரின் விருப்பத்துக்கே விட்டுவிடக் கூடாது. பினாங்கில் அதற்கான விதிகள் எளிய மொழியில், ஒரே தாளில், மக்கள் கையில் இருக்க வேண்டும்.

மாநிலத்தின் கச்சா நீரில் 80 விழுக்காட்டுக்கும் மேல் கெடா எல்லையில் ஓடும் மூடா ஆற்றிலிருந்து வருகிறது. 2024 ஜனவரியில் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வுகளை மாற்றியபோது மாநிலத்தின் பெரும்பகுதியில் தண்ணீர்த் தடை ஏற்பட்டது. இத்தகைய தடைகளுக்குப் பிறகு, ‘நாமே ஒரு போர் போட்டால் என்ன?’ என்று தோன்றுவது இயல்பு. போடலாம். போடும் முறைதான் முக்கியம்.

முதலில் தூரம். செப்டிக் டேங்குக்குப் பக்கத்துக் கிணற்றிலும் நீர் தெளிவாகத் தெரியலாம். கிருமி கண்ணுக்குத் தெரியாது. கனடாவின் ஒன்டாரியோ மாநில விதிப்படி, குழாய் உறை குறைந்தது 6 மீட்டர் ஆழம் வரை கசிவின்றி இறங்கியிருந்தால், கழிவு தேங்கும் இடத்துக்கும் கிணற்றுக்கும் 15 மீட்டர் இடைவெளி வேண்டும். மற்றக் கிணறுகளுக்கு 30 மீட்டர்.

தூரம் மட்டும் போதாது. துளைக்கும் குழாய்க்கும் நடுவே உள்ள இடைவெளியை சிமெண்டுக் குழம்பாலோ பெண்டோனைட் களிமண்ணாலோ அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் மழைநீர் மேல்மண்ணின் அழுக்கை வாரிக்கொண்டு குழாயோரமாகவே கீழே இறங்கிவிடும். வேலை முடிந்தபின் யாரும் அதைப் பார்க்க முடியாது. துளையிடும் நாளிலேயே அதிகாரி நேரில் வந்து பார்த்தாக வேண்டும்.

கடலோரத்தில் உப்பின் ஆபத்தும் உண்டு. நன்னீர் மட்டம் 1 மீட்டர் இறங்கினால் அடியிலுள்ள உப்புநீர் ஏறக்குறைய 40 மீட்டர் மேலேறக்கூடும் என்பது நீரியல் கணக்கு. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் அளவு மீறி இறைத்ததால் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்தது. கடலோரம் அமைந்த ஜார்ஜ் டவுனுக்கு இந்தப் பாடம் அவசியம்.

மலேசியாவில் 1974-ஆம் ஆண்டின் நிலவியல் ஆய்வுச் சட்டப்படி, 9 மீட்டருக்கும் ஆழமாகக் கிணறு தோண்டுவோர் நிலவியல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். நாளுக்கு 4,500 கனமீட்டரும் அதற்கு மேலும் நிலத்தடி நீர் எடுக்கும் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு தேவை. ஆழமில்லாத வீட்டுக் கிணறு இந்த இரண்டிலும் சிக்காது. மேலிருக்கும் அழுக்கு எளிதில் சென்றடைவதும் அத்தகைய கிணற்றையே.

கைவிட்ட கிணறு இன்னொரு கவலை. இந்திய உச்ச நீதிமன்றம் 2010-இல் தெளிவாகவே உத்தரவிட்டது: துளையிட 15 நாள் முன்னதாக அறிவிப்பு, சுற்றிலும் வேலி, குழாய் வாய்க்கு மூடி, கைவிட்டால் மண்ணிட்டு நிரப்புதல். அப்படியிருந்தும் 2019 அக்டோபரில் தமிழ்நாட்டின் மணப்பாறை அருகே இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்து இறந்தது. உத்தரவு இருந்தது, நேரில் போய்ப் பார்க்க ஆள் இல்லாமல் போனதே துயரம்.

விதி வந்தால் ஏழைகளுக்குச் செலவு கூடும் என்ற அச்சம் நியாயமானது. அதனால் வீட்டுக் கிணற்றின் பதிவும் முதல் நீர்ப் பரிசோதனையும் இலவசமாக இருக்கட்டும்; துளையிடும் நிறுவனங்களிடம் உரிமக் கட்டணம் வாங்கட்டும். பினாங்கு தீவிலும் செபராங் பிறையிலும் உள்ள இரு மாநகர் மன்றங்களும் பழைய கடைவீட்டுக் கிணறுகளிலிருந்து கணக்கெடுப்பைத் தொடங்கலாம். புதிதாகத் தோண்ட விண்ணப்பிப்பவருக்கு, பக்கத்துச் செப்டிக் டேங்க் எத்தனை மீட்டர் தொலைவில் உள்ளது என்பதைக் குறித்த வரைபடம் இணைக்கப்படாமல் அனுமதி தரக் கூடாது.