விண்ணில் ஓர் ஓட்டை

விண்மீன்கள் நெருப்புக் கோளங்கள். ஆகவே அவை நெருப்பிலேயே பிறந்திருக்கும் எனப் பலரும் எண்ணுவர். உண்மை வேறு. ஒளியற்ற, கடுங்குளிர் நிறைந்த இடங்களே அவற்றின் பிறப்பிடம். அவ்விடங்களுள் ஒன்றை இத்திங்கள் காண்போம்.

1785இல் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானநூல் அறிஞர், விருச்சிகப் பகுதியில் மீன்கள் செறிந்த பரப்பினிடையே ஒரு மீனும் இல்லாத கருந்திட்டு ஒன்றைக் கண்டு, விண்ணில் ஓட்டை விழுந்திருப்பதாகவே கருதினார். அமெரிக்கரான எட்வர்டு பார்னார்டு இத்தகைய 182 திட்டுகளுக்கு 1919இல் அட்டவணை வெளியிட்டார். அவை ஓட்டைகள் அல்ல, பின்னுள்ள ஒளியை மறைத்து நிற்கும் தூசு கலந்த வாயு முகில்கள் என்பது மெல்லத் தெளிவாயிற்று. 1947இல் பார்ட் போக், எடித் ரெய்லி இருவரும் அவற்றுள் உருண்டையான சிறு முகில்களைப் பூச்சியின் கூட்டிற்கு ஒப்பிட்டு, உள்ளே விண்மீன் உருவாகிறது என்றனர். அது மெய்ப்பட 1990 வரை காத்திருக்க நேர்ந்தது.

பார்னார்டின் அட்டவணையில் 68ஆம் எண்ணுடைய முகிலை எடுத்துக்கொள்வோம். கோடையில் மொட்டை மாடியில் பாய் விரிக்கும் நாம் தென்வானில் தேளின் வாலைக் காண்கிறோமே, அதற்குச் சற்று மேலே, ஏறத்தாழ 400 ஒளியாண்டுத் தொலைவில் அது உள்ளது; வெறுங்கண்ணுக்குப் புலப்படாது. குறுக்களவு அரை ஒளியாண்டு. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் எங்கும் நில்லாது ஓடும் வண்டி அதைக் கடக்க 50 லட்சம் ஆண்டுகளுக்கு மேலாகும். (அவ்வண்டிக்குக் கால அட்டவணை எழுதும் பணி நமக்கு வாய்க்காதது நன்றே.) நாம் உயிர்க்கும் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்கு இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் உள, அம்முகிலின் நடுவிலோ சில லட்சமே. குளிர், சுழியத்திற்குக் கீழே ஏறத்தாழ 260 டிகிரி.

இக்குளிரில்தான் சூட்சுமம் அடங்கியுள்ளது. முகிலின் துகள்கள் ஒன்றையொன்று ஈர்த்து உள்நோக்கி இழுக்கின்றன. வெப்பத்தால் அவை அலைவதில் எழும் அழுத்தம் வெளிநோக்கித் தள்ளுகிறது. எது வெல்லும் என 1902இல் ஜேம்ஸ் ஜீன்ஸ் கணக்கிட்டார். வாயு குளிர்ந்தும் செறிந்தும் இருப்பின் சிறிய முகிலும் தன் பாரத்தாலேயே சுருங்கும். சுருங்கும் வாயு சூடேறும் என்பதைச் சைக்கிள் பம்பைத் தொட்டவர் அறிவர். அச்சூடு உள்ளேயே தங்கினால் சுருக்கம் நின்றுபோம். ஆனால் முகிலிலுள்ள தூசும் கார்பன் மோனாக்சைடும் அதனைக் கண்ணுக்குத் தெரியா அலைகளாக வெளியே விட்டுவிடுகின்றன. வடபுலத்துக் குளிரில் அறைக்குள் கரியடுப்பை மூட்டிக் கதவடைத்து உறங்குவோரைக் கொல்வதும் இதே வாயுதான். புதிதாக இங்கு வந்த குடும்பங்கள் இதனை மறத்தல் ஆகாது.

நடுப்பகுதி மிக இறுகி, வெப்பம் வெளியேற வழியின்றிப் போன பின்னரே உண்மையான சூடு தொடங்குகிறது. அது ஒரு கோடி டிகிரி அளவை எட்டுங்கால் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணையத் தலைப்படும். சூரியனை ஒத்த மீனுக்கு இதற்குச் சில கோடி ஆண்டுகள் செல்லும்.

நம் 68ஆம் முகில் எந்நிலையில் உள்ளது? அதனூடே அகச்சிவப்பு ஒளியில் தெரியும் ஆயிரக்கணக்கான மீன்கள் எவ்வளவு மங்கியுள்ளன என அளந்து, ஆல்வெஸ், சார்லஸ் லாடா, எலிசபெத் லாடா மூவரும் 2001இல் விடை கூறினர்: இழுப்பும் தள்ளலும் ஏறக்குறையச் சமமாக, சரியும் விளிம்பில் அது நிற்கிறது. சிறு முகில் ஒன்று அதன்மேல் மோதி வருவதாகவும், அதனால் நிலைகுலைந்து சுமார் இரண்டு லட்சம் ஆண்டுகளில் அது சுருங்கிவிழும் எனவும் 2009இல் புர்க்கெர்ட்டும் ஆல்வெஸும் கணித்தனர். இதுவரை அதனுள் ஒரு மீனும் காணப்படவில்லை.