தைல வாலைக்குத் தண்ணீர்க் கணக்கு முக்கியம்

விராலிமலை வட்டாரத்தில் கடலை போட்டவர்களுக்கு மயில் எவ்வளவு பெரிய தொல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆவூர்ப் பக்கம் மேட்டு நிலம் வைத்திருப்பவர்கள் எலுமிச்சைப் புல்லை எண்ணிப் பார்க்க அந்த ஒரு காரணமே போதும். மயிலும் ஆடும் இதைப் பெரிதாகச் சீண்டுவதில்லை. ஒருமுறை நட்டால் நான்கைந்து ஆண்டுகள் அறுக்கலாம். ஆனால் 100 கிலோ புல்லில் கிடைப்பது அரை முதல் முக்கால் கிலோ எண்ணெய்தான். புல்லை வண்டி ஏற்றினால் வாடகைக்கே சரியாகப் போகும் என்பதால், வயலோரத்திலேயே ஒரு வாலை வைத்து வடிக்க வேண்டியிருக்கிறது.

வாலை என்றதும் பலருக்குச் சாராயம்தான் நினைவுக்கு வரும். சித்த மருத்துவர்கள் ஓமத் தீநீர் வடிப்பதும் வாலையில்தான். ஆவியைக் குளிர வைத்து நீராக்குவதே எல்லாவற்றுக்கும் வேலை. வாலை வாங்குவோர் கொள்ளளவு, அடுப்பு, விலை எல்லாம் கேட்கிறார்கள். குளிர்விக்க எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று மட்டும் கேட்பதில்லை. என் பார்வையில் நம் மாவட்டத்தில் முதலில் கேட்க வேண்டியதே அதைத்தான்.

நீலகிரியில் தைலமர இலை வடிப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அங்கே ஓடைத் தண்ணீர் சில்லென்று வருகிறது. நமக்கு போர்வெல்தான். கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ நீராவி தண்ணீராக மாறும்போது 540 கிலோகலோரி வெப்பத்தை விடுகிறது. அந்தச் சுடுநீரை 40 டிகிரிக்குக் கொண்டுவர மேலும் 60. ஆக 600. குளிர்விக்கும் தண்ணீர் 30 டிகிரியில் நுழைந்து 50 டிகிரியில் வெளியேறினால், லிட்டருக்கு 20 கிலோகலோரிதான் சுமந்து செல்லும். அதாவது ஒரு லிட்டர் வடிய 30 லிட்டர் தண்ணீர் ஓட வேண்டும். மணிக்கு 60 லிட்டர் வடிக்கும் சிறு வாலையை மூன்று மணி நேரம் ஓட்டினால் 5,400 லிட்டர். ஒரு நாளில் மூன்று ஈடு வடித்தால் 16,200 லிட்டர்! தண்ணீர் குறைவாகக் கேட்கிறது என்று நட்ட பயிருக்கு இதென்ன நியாயம்? பாசனத்துக்குக் கிடைக்கும் இலவச மின்சாரத்தில் இறைத்து வாய்க்காலில் விட்டுவிடலாம் என்று நினைப்பது இன்னும் மோசம். அந்தத் தண்ணீர் பக்கத்துக் காட்டுக்காரருக்கும் சேர்ந்ததுதான்.

அதே தண்ணீரைச் சுற்றவிட்டால் கதையே மாறும். 10,000 லிட்டர் தொட்டி கட்டினால், ஒரு ஈடுக்கு அதன் சூடு சுமார் 11 டிகிரி ஏறும். வாரத்தில் இரண்டு மூன்று நாள், நாளுக்கு ஒரு ஈடு வடிப்பவருக்கு இதுவே போதும். இடையில் தானாக ஆறிவிடும். நாள் முழுக்க வடிப்பவருக்கு இது தாங்காது. கூலிங் டவர் தேவைப்படும். ஐஸ் கம்பெனி மாடியில் தண்ணீர் சாரலாகக் கொட்ட, மேலே காற்றாடி சுற்றுமே, அதுதான். அதில் தண்ணீர் கொஞ்சம் ஆவியாகி மீதியைக் குளிர்விக்கிறது. இழப்பு, வடிக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் ஏறக்குறைய ஒரு லிட்டர். 5,400 லிட்டர் ஓடிய இடத்தில் சுமார் 200 லிட்டர் ஊற்றினால் போதும். மேலே சொன்ன வாலைக்கு 15 டன் டவர் தாராளம். காய்ந்த காற்றில் டவர் நன்றாக வேலை செய்யும் என்பதால், நம் ஊர்க் கோடை இதில் நமக்குச் சாதகம்.

சில்லர் வேண்டாம். தண்ணீரை 10 டிகிரிக்குக் கொண்டுபோய் இங்கே ஆகப்போவது எதுவுமில்லை, மின்கட்டணம்தான் ஏறும். காற்றாடி மட்டும் வைத்த ரேடியேட்டரும் 40 டிகிரி வெயிலில் எண்ணெயை வீணாக்கும்.

டவரில் ஒரு சிக்கல் உண்டு. தண்ணீர் ஆவியாக ஆவியாக உப்பு தங்கும். நம் பாறை நிலத்து போர் தண்ணீரில் குழாயில் காரை படிவது எல்லோரும் அறிந்ததே. சுருள் குழாயைச் சுத்தம் செய்ய முடியாது. மூடியைக் கழற்றிக் கம்பி விட்டுத் தேய்க்கக்கூடிய நேர்க்குழாய்க் கண்டென்சரையே, எவர்சில்வரில் கேளுங்கள். பண்ணைக்குட்டையில் மழைநீர் இருந்தால், வடிகட்டி அதையே சுற்றவிடலாம். வெட்டிவேரும் வடிக்க நினைப்பவர்கள் தண்ணீரைக் கூட்டிக் குறைக்க ஒரு வால்வும் வைக்க வேண்டும். அந்த எண்ணெயின் எடை தண்ணீரை ஒட்டியே இருப்பதால், வடிநீர் வெதுவெதுப்பாக இருந்தால்தான் நன்றாகப் பிரியும்.

சி.எஸ்.ஐ.ஆர். 2017-ல் தொடங்கிய அரோமா மிஷன் போன்ற திட்டங்கள் நாற்றும் வாலையும் கிடைக்க வழிசெய்கின்றன. நல்லதுதான். ஆனால் வறண்ட மாவட்டங்களில் தொட்டியும் டவரும் சேராத வாலைக்கு உதவித்தொகை தரக்கூடாது என்பேன். அந்த விதி வரும்வரை, வாலை செய்பவரிடம் விலைப்பட்டியல் வாங்கும்போது, மணிக்கு எத்தனை லிட்டர் வடியும், அதற்கு எத்தனை லிட்டர் தண்ணீர் ஓட வேண்டும் என்ற இரண்டையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.